எலி கடித்தது என்று எழுதவும்

மார்ச் 4

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் "சரி சரி, அப்புறம் பேசலாம்" என்று பாதியில் வைத்துவிட முடியாது பாருங்கள்.

முதலில் ஒன்று. எனக்கும் வாலுவுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நேற்று மாலை, வாதத்தில் படுத்திருக்கும் ரயில்வேக்காரருக்குக் கால் பயிற்சி கொடுத்துவிட்டு, நீச்சல் வகுப்பிலிருந்து வாலுவை அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். பாலத்தைத் தாண்டியதும் ஒரு நாற்றம். இஸ்திரிப் பெட்டியில் நைலான் துணி ஒட்டிக்கொண்டால் வருமே, அது. "அம்மா, ஏசியிலேருந்து புகை வருது" என்றாள் வாலு. ஓரங்கட்டுவதற்குள் டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்து அணைந்தன. கண்ணாடி இறங்கவில்லை. பின்கதவுப் பூட்டு திறக்கவில்லை. அவளை முன்சீட்டுக்கு மேலாக இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன். டயர் கடைக்காரர் ஓடிவந்து மண்ணை அள்ளிக் கொட்டி அணைத்தார்.

உங்கள் கம்பெனியின் இந்த ஊர் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனோம். டை கட்டிய ஒரு பையன் பானட்டைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், "எலி கடிச்சிருக்கு மேடம்" என்றான்.

"எந்த இடத்துல? காட்டுங்க."

"கருகிப்போச்சே மேடம், இப்ப எப்படித் தெரியும்?"

கருகிப்போனதில் எலி கடித்தது மட்டும் இவனுக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் அந்தக் கம்பெனியில் சர்வீஸ் மேனேஜர். உங்களைத்தான் கேட்கிறேன். வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


மார்ச் 9

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

பிசியோதெரபிஸ்ட் என்பது வாயில் நுழையாமல் உன் நோயாளிகள் வைத்த பெயர்தான் என்றாலும், எனக்கும் அதுவே பழகிவிட்டது. கோபிக்காதே.

உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டே படித்தேன். முடித்ததும் உட்கார இடம் தேடினேன். பின்கதவு திறக்கவில்லை என்ற வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

நான் சொல்வதைக் கேள். அந்த வண்டியின் சாவியை யாரிடமும் கொடுக்காதே. நீயும் தொடாதே. அந்தப் பையனிடம் திரும்பக் கொண்டுபோகவும் வேண்டாம். கொஞ்ச நாள் டாக்சியில் போய் வா. நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நானே பார்க்கிறேன். எலியும் சில சமயம் கடிக்கத்தான் செய்யும். ஏன் எதற்கு என்று நீ கேட்பாய் என்று தெரியும். நேரில் பேசலாம்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. நான் வைக்கும் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, மாடியில் குடியிருக்கும் பெயிண்டர், "சார், நீங்க வண்டியை மட்டும் ரிப்பேர் பண்ணுங்க" என்றார். ஏரியா மேனேஜர் போன வாரம் வந்திருந்தார். நம் ஊருக்கு மாற்றல் கேட்டு நான் கொடுத்த மனு அவர் மேஜையில் இருக்கிறதாம். "பார்க்கலாம்" என்றார். இரண்டு வருடத்தில் முதல் முறையாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வாலுவின் தலையில் என் சார்பில் ஒரு குட்டு வை. மெதுவாக.

உன்,
வாலுவின் அப்பா


மார்ச் 27

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நீங்கள் வந்து போன பிறகு வீடு இரண்டு நாள் உங்கள் வீடாகவே இருந்தது. சமையலறைக் குழாய் ஒழுகவில்லை. ஹாலில் உங்கள் போர்வையை மடித்து வைக்காமல் அப்படியே விட்டிருக்கிறாள் வாலு. "அப்பா திரும்ப வந்தா வேணும்ல?" என்கிறாள்.

நீங்கள் ஒயரை மாற்றிக் கொடுத்ததிலிருந்து வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் குழாயைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் நீங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "டாஷ்போர்டுக்குப் பின்னால போற ஒயர் கட்டு ஒரு இரும்புப் பட்டையில உரசுது. உறை தேஞ்சா தீ. உன் வண்டி மட்டும் இல்ல, அந்த மாடல் எல்லாமே அப்படித்தான். மேலேருந்து வாய் வார்த்தையா உத்தரவு: எது வந்தாலும் எலி கடித்ததுன்னு எழுதுங்க." பிறகு "இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்றீர்கள்.

உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் என் வண்டி புகைந்ததை இணையத்தில் எழுதினேன். எழுதிய இரண்டாம் நாளே ஒரு பல் டாக்டர் கூப்பிட்டார். அவர் வண்டி அடுக்குமாடியின் அடித்தளத்தில் நின்ற இடத்திலேயே எரிந்திருக்கிறது. பிறகு ஒரு டாக்சிக்காரர். பிறகு இன்னும் சிலர். நீங்கள் நேரில் பார்த்திராத நம் பேக்கரி அக்காவும் சேர்ந்துகொண்டார். அவரிடமும் அதே மாடல்தானே. வாலுவையும் தன் மகளையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதில்தான் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்.

கூட்டம் அவர் கடையின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவில் நடந்தது. எல்லோருக்கும் கம்பெனியிலிருந்து ஒரே பதில்: எலி. டாக்சிக்காரர் சொன்னார்: "என் ஷெட்டுல ஆறு கம்பெனி வண்டி நிக்குது. அந்த எலி மத்த வண்டியை மோந்துகூடப் பார்க்கறதில்ல. கார் விஷயத்துல அது ரொம்ப ருசி பார்த்துத்தான் கடிக்குது." சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அது சிரிப்பினால் வந்த தண்ணீராகத் தெரியவில்லை.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மாடல் வண்டிகள் அத்தனையையும் கம்பெனி திரும்ப அழைத்து, ஒயரிங்கை மாற்றித் தரவேண்டும். ஏன் மாற்றுகிறோம் என்று சொல்லவும் வேண்டும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஏப்ரல் 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நான் குழாயடியில் சொன்னதை நீ வரி தவறாமல் எழுதிவிட்டாய். மன்னித்துக்கொள், அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். வாலு போர்வையை மடிக்காமல் விட்டதை எழுதியிருந்த பக்கத்தை மட்டும் வைத்திருக்கிறேன்.

நீ செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டாம். மற்றவர்கள் இருக்கட்டும். நீ என் மனைவி என்பது இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

"எதுக்கும் வாயே திறக்காத மனுஷன்" என்று எத்தனையோ தடவை என்னைத் திட்டியிருக்கிறாய். என்னைப் பிடித்து இந்த ஊருக்கு அனுப்பியபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் நானும் இப்படி ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம் என்பாய். இருக்கலாம். இப்போது திரும்பி வர ஒரு வழி தெரிகிறது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. நான் அங்கே வந்துவிட்டால், இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைக்கலாம். இதைவிடப் பெரிய ஆசை எனக்கு எதுவும் இல்லை.

வாலுவின் கணக்குப் பாடம் எப்படிப் போகிறது?

உன்,
வாலுவின் அப்பா


ஏப்ரல் 10

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

கணக்கு நன்றாகப் போகிறது. ஆகவே அவளே ஒரு கணக்குப் போட்டாள். "அம்மா, அப்பா நம்ம வண்டியைச் சரி பண்ணிட்டாரு. ஆனா ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் பேக்கரி ஆன்ட்டி வண்டியிலதானே போறேன்?" அவளுக்கு எதையும் நான் சொல்லவில்லை. குழாயடியில் நீங்கள் பேசியபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். உங்கள் பெண்தானே, கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

இப்போது தினமும் இரண்டு பெண்களையும் நானே அழைத்துப் போகிறேன். பேக்கரி அக்காவிடம் வண்டியை எடுக்காதீர்கள் என்றேன். "ரொட்டியைக் கடை கடையா யாரு கொண்டுபோய்ப் போடுவா, என் தலையில சுமக்கவா?" என்று சிரிக்கிறார். உங்களைப்போல ஒருவர் சொன்னால் நம்புவார். நான் சொன்னால் பயந்தவள் பேச்சு.

போன வாரம் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போனோம். மெத்தென்ற சோபாவில் உட்காரவைத்தார்கள். டீ கொடுத்தார்கள். வாசனைத் தைலம் பூசிய ஒருவர் வந்து, எங்கள் வேதனை அவருக்குப் புரிகிறது என்றார். "அப்ப ஒயரை மாத்துவீங்களா சார்?" என்று டாக்சிக்காரர் கேட்டார். அதற்கும் வேதனை புரிகிறது என்றார். பல் டாக்டர் வெளியே வந்து, "மயக்க ஊசி போட்டு அனுப்பிட்டானே" என்றார்.

பிறகு போக்குவரத்துத் துறைக்கு மனு கொடுத்தோம். அங்கே ஒரு விசாரணை அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டார். "எரிஞ்சுபோன வண்டி எல்லாம் சாம்பல். புகைஞ்சு, ஆனா எரியாம நின்ன வண்டி ஒண்ணு இருந்தாக் கொண்டு வாங்க. அதோட ஒயரை நிபுணர்கிட்டக் காட்டலாம்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது. என்னுடையது.

அதிலிருந்து நீங்கள் கழற்றிய பழைய ஒயர் கட்டு எங்கே? அனுப்பிவையுங்கள். நீங்கள் வர வேண்டாம், பேச வேண்டாம். அது மட்டும் போதும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஏப்ரல் 18

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீ கேட்ட பொருள் இப்போது இல்லை. அன்றே பழைய சாமான்களோடு போய்விட்டது. அது யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன். அது உங்களுக்குத் தேவைப்படும் என்று யோசிக்கவில்லை. உன் வண்டியில் நீயும் குழந்தையும் உட்காரப் போகிறீர்கள் என்பதைத் தவிர அன்றைக்கு வேறெதையும் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் தூங்கவில்லை. ஒரு யோசனை தோன்றியது. பேக்கரி அக்காவின் வண்டியையும் நான் சத்தம் போடாமல் பார்த்துத் தருகிறேன். பிறகு பல் டாக்டர் புதிதாக அதையே வாங்கியிருந்தால் அதை. அப்படி உன் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொருவருடையதையும். உதிரிச் சாமானை இங்கிருந்து எப்படியாவது கொண்டுவருகிறேன். ஊரையெல்லாம் என்னால் காப்பாற்ற முடியாது. கைக்கு எட்டுகிறவர்களைச் செய்கிறேன். இதையாவது செய்யவிடு.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். பேக்கரி அக்காவிடம் இலவசமாக ஒரு சர்வீஸ் என்று சொல்லிவை.

உன்,
வாலுவின் அப்பா


ஏப்ரல் 22

டாக்டரம்மாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இந்த ஞாயிறு வர முடியாது. ஏரியா மேனேஜர் எல்லா சர்வீஸ் மேனேஜர்களையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார். வரவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அடுத்த ஞாயிறு கட்டாயம் வருகிறேன். பேக்கரி அக்காவிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்.

வாலுவின் அப்பா


ஏப்ரல் 29

வாலுவின் அப்பாவுக்கு,

அந்த ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை பேக்கரி அக்காவின் வண்டி எரிந்துவிட்டது.

காலையில் ரொட்டி போட்டுவிட்டுத் திரும்பும்போது, மார்க்கெட் முனையில். தனியாகத்தான் இருந்தார். கதவு திறக்கவில்லை. கண்ணாடியைக் கைகளால் அடித்திருக்கிறார். காய்கறிக் கடைக்காரர் எடைக்கல்லால் கண்ணாடியை உடைத்து இழுத்துப் போட்டார். உயிர் இருக்கிறது. முகத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் அவர் கணவர் என்னிடம், "இலவச சர்வீஸுன்னு சொன்னீங்களே டாக்டரம்மா, போன வாரமே வந்திருந்தா ஏதாவது தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டார். குறையாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டார்.

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள்.

விசாரணைக்கு மே இருபதாம் தேதி குறித்திருக்கிறார்கள். என் வண்டியை நிபுணர் பார்த்துவிட்டார். ஒயரிங் புத்தம் புதிதாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். நிஜம்தானே.

வாலுவின் அம்மா


மே 6

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாகப் போகிறது. அன்றைக்குக் கூட்டத்துக்குப் போகாமல் வந்திருக்கலாம். அந்தக் கூட்டத்தில் பேசியது முழுக்க விற்பனை பற்றித்தான். மதியம் வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்காவின் கைகளை நீ பார்த்துக்கொள்வாய் என்று தெரியும். உன்னைவிட நன்றாக யாராலும் பார்க்க முடியாது.

விசாரணை அன்று நானும் வருவேன். இப்போது இதற்கு மேல் எழுத வரவில்லை.

உன்,
வாலுவின் அப்பா


மே 24

வாலுவின் அப்பாவுக்கு,

"நானும் வருவேன்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் விசாரணை அறையில் எங்கள் வரிசையில், என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்தேன். டாக்சிக்காரர் உட்கார வந்தார். "ஒருத்தர் வராரு" என்றேன்.

நீங்கள் வந்தீர்கள். நான் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை. ஏரியா மேனேஜருக்குப் பின்னால் வந்து, எதிர் வரிசையில் உட்கார்ந்தீர்கள்.

அப்போதும் நான் நம்பினேன். அங்கே உட்கார்ந்தால் என்ன, பேசும்போது உண்மையைப் பேசுவார் என்று நினைத்தேன். அதிகாரி அம்மா என்னைக் கேட்டார்: "ஒயர் இரும்புப் பட்டையில் உரசுதுன்னு சொல்றீங்களே, உங்களுக்கு இதைச் சொன்னது யாரு?" நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பேரைச் சொல்ல முடியாதுங்க" என்றேன். பெயர் சொல்ல முடியாத சாட்சியை எழுதிக்கொள்ள முடியாது என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு உங்களை எழுப்பினார்கள். "இந்த மாதிரி எரிஞ்ச வண்டிகள் உங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கா? என்ன காரணம்?"

"வந்திருக்குங்க. எலி கடிச்சதுக்கான வாய்ப்பு அதிகம்" என்றீர்கள். "குறிப்பா வண்டிக்குள்ள உணவுப் பொருள் வைக்கிறவங்களோட வண்டி."

அந்தக் கடைசி வரியையும் அவர்கள்தான் சொல்லச் சொன்னார்களா? அல்லது உங்கள் வாயில் தானாக வந்துவிட்டதா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும். பேக்கரி அக்காவின் கணவர் என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

மனு தள்ளுபடியாகிவிட்டது. படியிறங்கும்போது பல் டாக்டர், "அந்த நீலச் சட்டைக்காரர் நல்ல மனுஷன் மாதிரி இருந்தாரு, அவரே அப்படிச் சொன்னா என்ன பண்றது" என்றார். வாலு வீட்டில் கேட்டாள்: "அப்பா வந்தாராம்மா?" வந்தார் என்றேன்.

வாலுவின் அம்மா


ஜூன் 10

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். அவர்கள்தான் சொல்லச் சொன்னார்கள். ஆனால் சொன்ன வாய் என்னுடையது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

என்னை அழைத்துப் போகும் வழியில் காரில் ஏரியா மேனேஜர் சொன்னார்: "நான் சொல்றதைச் சொல்லு. மாற்றல் கடிதத்துல நான் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். பிரச்சினை முடிஞ்சா, எல்லா வண்டிக்கும் ஒயரை மாத்திடறதா மேலிடமும் ஒத்துக்கிட்டிருக்கு. அவங்க மனு தோத்தாத்தான் சத்தமில்லாம மாத்த முடியும், ஜெயிச்சா மேலிடம் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கா இழுத்தடிக்கும்." நான் உட்கார்ந்து நிறைய யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், வழக்கு நீளும், அதற்குள் இன்னும் எத்தனை வண்டி எரியுமோ. பொய்யைச் சொன்னால் வண்டிகள் சரியாகும், நானும் வீட்டுக்கு வருவேன். சரியான முடிவு என்றே அப்போது பட்டது. எழுந்து நின்று வாயைத் திறந்ததும்தான் உன் பக்கத்து நாற்காலியில் கைப்பை இருப்பதைப் பார்த்தேன்.

ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். இலவசப் பராமரிப்பு முகாம் என்று விளம்பரம் பார்த்திருப்பாய். ஏன் என்று எங்கும் போடவில்லை. ஆனால் வரும் ஒவ்வொரு வண்டியிலும் அந்த ஒயர் கட்டைத்தான் மாற்றுகிறோம். நானே பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஒரு தாத்தா தன் வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கம்பெனின்னா இப்படி இருக்கணும் தம்பி" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் அந்த வண்டி இனி எரியாது. நீங்கள் எல்லோரும் கேட்டது இதுதானே? காரணத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஜூலை முதல் தேதி நம் ஊரில் சேர வேண்டும். பெயிண்டர் இப்போதே என் அடுப்பைக் கேட்டு வைத்துவிட்டார்.

நீ கோபமாக இருக்கிறாய். இருக்கலாம், உனக்கு உரிமை இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெட்டிகளை வீட்டுக்கு அனுப்பட்டுமா? ஹாலில் படுத்துக்கொள்கிறேன். நீயாகப் பேசும் வரை நான் பேசமாட்டேன். அது எனக்கு நன்றாக வரும் என்று உனக்குத் தெரியும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலுவின் அப்பா


ஜூன் 20

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தேன். வண்டிகள் சரியாவது நல்லது. மனதாரச் சொல்கிறேன். டாக்சிக்காரர் தன் இன்னொரு வண்டியை முகாமுக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்தார். குழு கலைந்துவிட்டது. சண்டை எதுவும் இல்லை. வர நேரமில்லை என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பேக்கரி அக்காவைப் பற்றி எழுதுகிறேன். தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். சுருங்கவிட்டால் விரல்கள் உள்ளங்கையோடு மடிந்து ஒட்டிக்கொண்டுவிடும். அதனால் ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மெதுவாக, அவர் கத்தக் கத்த, நிமிர்த்த வேண்டும். பத்து விரலும் முடிவதற்குள் இருவருக்கும் வியர்த்துவிடும். மாவு பிசைய எப்போது முடியும் என்று கேட்பார். முடியும் என்பேன். எனக்குத் தெரியாது.

அவர் அழுவது வலியினால் மட்டும் இல்லை. "மிச்ச ரொட்டியை வண்டியிலேயே வச்சிட்டு வருவேன் டாக்டரம்மா. சோம்பேறித்தனம். இறக்கி வச்சிருந்தா எலி வந்திருக்குமா? என் பொண்ணும் உங்க பொண்ணும் உட்கார்ற வண்டி. நானே கொன்னிருப்பேனே" என்கிறார். தினமும் இதே பேச்சு. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தடவை. அவர் கணவரும் இப்போது அதையே நம்புகிறார். சண்டையில் ஒரு நாள் சொல்லியும் விட்டார்: "நீ ஒழுங்கா இருந்திருந்தா இது வந்திருக்காது."

முந்தாநாள் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நீங்கள் குழாயடியில் சொன்ன அத்தனையையும் சொன்னேன். ஒயர், பட்டை, உத்தரவு, எல்லாம். "உங்க மேல ஒரு தப்பும் இல்லைக்கா. எலியே கிடையாது. இதை என்கிட்டச் சொன்னது என் வீட்டுக்காரர். விசாரணையில நீலச் சட்டையோட நின்னாரே, அவர்தான்" என்றேன்.

பிறகு, "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க டாக்டரம்மா. உங்க மனசு எனக்குத் தெரியாதா?" என்றார். "எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னாரு. அந்தச் சார் எழுந்து நிக்கும்போதே கண்ணு கலங்கியிருந்துச்சாம். அவ்வளவு வருத்தப்பட்டுச் சொன்ன மனுஷன் பொய்யா சொல்வாரு? உங்க வீட்டுக்காரர்னு வேற சொல்றீங்க. உங்களுக்கு எதிரா நின்னுகூட உண்மையைச் சொல்லியிருக்காருன்னா, எவ்வளவு நல்லவரா இருக்கணும்?"

அடுத்த விரலைப் பிடித்தேன்.

அவர் இனி ஒருவர் சொன்னால்தான் நம்புவார். அந்த ஒருவர் நீங்கள். வந்து சொல்லுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் வருவீர்கள், சோபாவில் உட்காருவீர்கள், டீ குடிப்பீர்கள், அவர் கையைப் பார்ப்பீர்கள், மேஜையைப் பார்ப்பீர்கள். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பெட்டிகளை இங்கே அனுப்ப வேண்டாம். ஒர்க்‌ஷாப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலு வருவாள். அவளுக்கு நீங்கள் வேண்டும், அதில் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அவள் ஏதாவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அவளிடமாவது.

எனக்கு எழுத வேண்டாம்.

வாலுவின் அம்மா